காத்தவராயனின் நுரையீரல்

ஆதியம்மாள் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை. அவள் புருஷன் காத்தவராயன் நாளைக்கு இரண்டு கட்டு பிடிப்பான். முப்பது வருஷமாக, பெரும்பாலும் வீட்டுக்குள் உட்கார்ந்து. ஆனாலும் நுரையீரலில் புற்று வந்தது அவளுக்குத்தான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் அவர்கள் வீடு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்றாவது கீமோ முடிந்து வந்தவள், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஐம்பத்தெட்டு வயசுக் காத்தவராயன் ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மணல்மேட்டில் ஏறி வருவான். மூச்சு வாங்காது. அவளுக்கோ ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மார் அடைத்தது. பார்க்கப் பார்க்க வயிறு எரியும். இவன் இன்னொருத்தியைத் தேடிப் போயிருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது என்று நினைத்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் பிரதீபா என்ற ஆராய்ச்சிப் பெண், நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டில் நோயில்லாதவர்களிடமும் ரத்தம் எடுத்திருந்தாள். புருஷனும் பெண்சாதியும் கொடுத்தார்கள். ஒருவர் முடிவை மற்றவரிடம் சொல்லலாம் என்று கையெழுத்தும் போட்டார்கள். முடிவு வந்த அன்று அவன் கடலுக்குப் போயிருந்ததால் ஆதியம்மாள் தனியாகப் பஸ் ஏறினாள்.

பிரதீபா பொறுமையாக விளக்கினாள். புகையோடு உள்ளே போகும் நஞ்சை முறித்து வெளியே தள்ள உடம்பில் சில நொதிகள் உண்டு. அவற்றில் ஒன்றை உண்டாக்கும் மரபணு சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. ஆதியம்மாளுக்கு இல்லை, காத்தவராயனுக்கு இருக்கிறது. அது இல்லாத எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள், இருப்பவர்களுக்கும் புற்று வருகிறது, அதனால் அவர் பீடியை விட்டே ஆகவேண்டும் என்றும் சொன்னாள்.

எனக்கு இல்லை, அவனுக்கு இருக்கிறது என்பது மட்டும்தான் ஆதியம்மாள் மனதில் நின்றது.

சாப்பிட உட்கார்ந்தவன், என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.

"பொகையோட நஞ்ச முறிக்கிறது ஒண்ணு ஒடம்புல இருக்கணுமாம். எனுக்கு இல்ல, உனுக்கும் அது கெடையாதாம். என்னிக்கு வேணா வரலாமாம்" என்றாள்.

அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மறுநாள் பீடிக்கட்டுகளை அடுப்பில் போட்டான். நாலாம் நாள் இரண்டு தடவை இருமினான். அதோடு கடலுக்குப் போவதை நிறுத்திப் படுத்துக்கொண்டான். அவன் தங்கை வரலட்சுமி கூடுவாஞ்சேரியிலிருந்து ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். குப்பத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து விசாரித்தார்கள். போகும்போது ஆதியம்மாளிடம், அவரை நன்றாகப் பார்த்துக்கொள் என்றார்கள். முடி கொட்டிய தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் அவனுக்குக் கஞ்சி காய்ச்சினாள். தன் நோயைக்கூட அவனே எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது.

ஒன்பதாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பொய் சொன்னேன். உனுக்கு அது கீது. எனுக்குத்தான் இல்ல."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "ஏன்மே?"

"நீ வுட்ட பொகையத்தான் நானும் இழுத்துகினு கெடந்தேன். நீ கல்லு மாதிரி சுத்திகினு கீற. எனுக்குப் பொறுக்கல."

அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப உனுக்கு வந்தது என்னாலதானா?"

பிரதீபா அப்படிச் சொல்லவில்லை. அது ஆதியம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவன் கடலுக்குப் போனான். பீடியை மறுபடி தொடவில்லை. நாளடைவில் அந்த இருமலும் நின்று, மூச்சு முன்னைவிடச் சீரானது. அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த கீமோவுக்கு அவனே கூட வந்தான். திரும்பும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு, ஆதியம்மாள் மெல்லச் சொன்னாள்: "இதாலதான் வந்துச்சுன்னு ஒண்ணையே சொல்ல முடியாதாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

காத்தவராயன் ஜன்னல் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

குப்பத்து நிறுத்தத்தில் இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டு அவள் நடைக்கு நடந்து வந்தான். அவனால் இதைவிட வேகமாக நடக்க முடியும் என்பது அப்போதும் அவளுக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.