மேசையைத் தட்டிய கை

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு நம் முகத்தையே பார்க்கிறார்கள். இந்தக் கதை அப்படித்தான் பிறந்தது. முடிதிருத்தும் கடையில், ஒரு கன்னம் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். நாடாளுமன்றம் நேரலையில் ஓடியது. கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தார். திரையில் என் மாப்பிள்ளை, எங்கள் தொகுதி எம்.பி.

நான் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன். படிப்பு குறைவு. கதை எழுதுகிறவர்களை நம்பமாட்டேன். இப்போது நானே எழுதுவதால் என்னையும் நம்பவில்லை. நீங்களும் பார்த்து நம்புங்கள்.

2

முதல் தொடக்கம்: 'கொள்கைக்காகத் தன் கட்சியையே உதறிய ஒரு...'

(அடித்துவிட்டேன். எந்தக் கொள்கை என்று எனக்குத் தெரியாது. அவர் பெண்டாட்டியான என் மகளுக்கும் தெரியாது.)

இன்னொரு தொடக்கம், நடந்தது நடந்தபடி: அதிருப்தி எம்.பி.க்கள் கொஞ்சம் பேர் தலைவரோடு முறைத்துக்கொண்டு தனிக்குழு அமைத்தார்கள். பழைய கட்சிப் பெயரையே எடுத்து, முன்னால் 'உண்மையான' என்று ஒட்டிக்கொண்டார்கள். (பலகையில் 'அசல்' என்று போட்டிருந்தால் நான் அடுத்த கடைக்குப் போகிறவன்.) சபாநாயகர் தனி வரிசை ஒதுக்கினார். அதில் அவர்கள் உட்கார்ந்த முதல் நாள் அது.

அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. தங்கள் தலைவர் பேசும்போது எங்கே நிறுத்தி மூச்சு வாங்குகிறாரோ, அங்கே கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டவேண்டும். பழைய தலைவர் எழுந்தார். "நம்ப வைத்து ஓடியவர்களை மக்கள் மன்னிக்கமாட்டார்கள்" என்றார். மூச்சு வாங்கினார். புது வரிசையில் ஒரு கை தடதடவென்று மேசையைத் தட்டியது.

என் மாப்பிள்ளையின் கை.

சபையே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினார்.

"விசுவாசமான கை பெரியவரே" என்றார் கடைக்காரர். "ஆளு எங்க உட்கார்ந்தாலும் அது பாட்டுக்குத் தட்டுது."

"நீ சவரத்தை முடிப்பா."

"முடிக்கிறேன், முடிக்கிறேன். நீங்க சொல்லித்தானே ஓட்டுப் போட்டோம், அதான் பார்க்கிறேன்."

விஷயம் அதுதான். தேர்தலின்போது எங்கள் தெருவில் வாசல் வாசலாக நின்று, 'என் மாப்பிள்ளை, நான் பொறுப்பு' என்று சொன்னவன் நான். இப்போது பால் வாங்கப் பின்சந்து வழியாகப் போகிறேன்.

3

கை ஏன் தட்டியது? வெறும் பழக்கமா, மனசாட்சியா? மனசாட்சி என்றால் நான் தலைநிமிர்ந்து தெருவில் நடக்கலாம். ஆகவே மனசாட்சி என்றே எழுதினேன்.

'நெஞ்சில் அடக்கி வைத்திருந்தது அவர் கை வழியாக...'

(வாக்கியம் முடியவில்லை. வெல்டிங் பிடிக்காத கம்பி மாதிரி, தொட்டால் கழன்றுவருகிறது.)

சரி, ஆளையே கேட்டுவிடலாம் என்று மகள் வீட்டுக்குப் போனேன்.

4

"வாங்கப்பா. டிவியப் பத்தி மட்டும் அவர்கிட்டக் கேக்காதீங்க" என்றாள் மகள்.

"அதக் கேக்கத்தாம்மா வந்தேன்."

மாப்பிள்ளை சோபாவில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நாளைக்குச் சபையில் இப்படித்தான் உட்கார வேண்டுமாம். குழுத்தலைவர் உத்தரவு.

"மாப்பிள்ளை, மனசு உறுத்தித்தானே தட்டினீங்க?"

"அட, நீங்க வேற மாமா! எத்தனை வருஷமாத் தட்டின கை. அவர் மூச்சு வாங்கினா இது தானா எழும்புது. என்ன சொன்னாருன்னுகூட நான் கேக்கல."

என் சட்டைப்பையில் தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன. கை நீட்டி வாங்கிப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பிரமாதம் மாமா! மனசாட்சின்னே போடுங்க."

"இப்பத்தானே பழக்கம்னீங்க?"

"இந்தக் குழு எவ்வளவு நாள் தாங்குமோ! பழைய கட்சிக்கே திரும்பிப் போக வேண்டி வந்தா, அன்னைக்கே என் மனசு உங்ககிட்டத்தான் இருந்துச்சுன்னு தலைவர்கிட்ட இதைக் காட்டிக்கலாம். போகலைன்னா, பெரியவர் ஏதோ எழுதிட்டாருன்னு விட்டுடலாம்."

"அப்பாவையுமா இதுக்கு இழுக்கிறீங்க?" என்றாள் மகள். உள்ளே போய்விட்டாள்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அந்த மனசாட்சியை நானும் என் சௌகரியத்துக்குத்தானே செய்தேன்.

5

முடிவுகள் கைவசம் உண்டு. அவர் திரும்பிப் போக, பழைய தலைவர் கட்டிப்பிடித்துக்கொள்வது ஒன்று. புதுக்குழுவும் உடைந்து, 'உண்மையிலும் உண்மையான' என்று இன்னொன்று முளைப்பது... (வேண்டாம், இதை நிஜத்திலேயே செய்வார்கள்.)

மூன்றாவதை நான் எழுதவில்லை. செய்துபார்த்தேன். பெரிய தெரு வழியாகவே நடந்து முடிதிருத்தும் கடைக்குப் போனேன். ஆட்கள் இருந்தார்கள்.

"அது வெறும் பழக்கம்தாம்ப்பா. மனசாட்சியெல்லாம் இல்ல. உங்ககிட்டப் பொறுப்புன்னு சொன்னவன் நான். அதுக்கு வெக்கப்படுறேன்."

கடைக்காரர் கத்தியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்படிச் சொல்லச் சொல்லி மாப்பிள்ளை அனுப்பினாரா பெரியவரே?"

இல்லை என்றேன். யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையிடம் திருப்பி வாங்கிய தாள்களைக் காத்திருப்போர் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். பழக்கம் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். இருந்தாலும் அது வெறும் பழக்கம்தானா என்று எனக்கே சந்தேகம்; மேசையைத் தட்டிய அந்தக் கையை நான் இன்னும் நம்பவில்லை.