பச்சை முளைப்பாரி

முளைப்பாரி அறையின் சாவி ஆறு வருஷமாக என் இடுப்பில்தான் தொங்கியது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன். நாங்கள் கப்பல் ஏறி வந்து வேலை செய்யும் ரப்பர்த் தோட்டம் சிகாமட்டுக்குப் பக்கத்தில். அதில் வரிசை வீடுகளாக நான்கு லயம், லயத்துக்கு லயம் வாயாடிகள். ஆனால் மாரியம்மன் திருவிழாவுக்கு முளை போட்டுவிட்டால் அத்தனை பேரும் என்னிடம் பணிவாகத்தான் பேசுவார்கள். "கிருஷ்ணம்மாக்கா, என் சட்டி எப்படி வந்திருக்கு?" என்று குழைவார்கள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆத்தா பாத்துக்குவா, போ" என்பேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விரதம் இருந்து, பயறு ஊறவைத்து, எரு போட்ட மண்சட்டியில் தூவி, வெளிச்சம் படாத அறையில் வளர்ப்பதுதான் முளைப்பாரி. ஆண்கள் உள்ளே வரக்கூடாது. சாவிக்காரியைத் தவிர மற்றப் பெண்களும் வரக்கூடாது. வெயில் எட்டிப் பார்க்கவே கூடாது. இருட்டில் முளை வெளிறிய மஞ்சளாக, நெருக்கமாக, முழ உயரத்துக்கு எழும்பும். ஒன்பதாம் நாள் அதைத் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றி வந்து ஆற்றில் விடுவோம். சட்டி செழித்தால் அந்த வீட்டில் குறை இல்லை. சாய்ந்தால் சட்டிக்காரியின் நடத்தையில் ஏதோ இருக்கிறது. இது லயத்துப் பேச்சு. நானும் பேசியவள்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, தை மாதம். அந்த வருஷம் இருபத்தொரு சட்டி. அதில் ஒன்று புஷ்பவள்ளியுடையது. அவள் புருஷன் செல்லப்பன் சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது, ஒரு கடிதம் இல்லை. இவளோ ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதும் சின்னத்தம்பி கிராணியோடு சிரித்துப் பேசினாள் என்று ஒரு புகைச்சல். மாமியார் வெள்ளையம்மாவுக்கு அது போதாதா? முளை போடும் அன்று அத்தனை பெண்களுக்கும் நடுவில் கையை நீட்டிச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவ சட்டி நிமிந்து நின்னா என் வீட்டுல இருக்கட்டும். சாஞ்சுதோ, மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கப்பல் ஏறட்டும்."

புஷ்பவள்ளிக்கு அக்கரையில், சொந்த ஊரில், யாரும் கிடையாது. கப்பல் ஏறினால் இறங்குவதற்கு ஒரு வாசல் இல்லை. அவள் குனிந்து சட்டியில் பயறைத் தூவினாள்.

எட்டாம் நாள் ஆறு பெருகிக் கோயில் வாசலில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கோயில் காரியம் பார்க்கும் அய்யாவு கங்காணி வந்தார்.

"கிருஷ்ணம்மா, தண்ணி வடியட்டும். திருவிழாவை ஒரு வாரம் தள்ளி வச்சாச்சு. முளையைப் பத்திரமாப் பாத்துக்க."

"ஒரு வாரமா! பதினாறு நாளு இருட்டுல நிக்குமா, கங்காணியாரே?"

"ஆத்தா நிக்க வைப்பா" என்று என் வசனத்தை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பதினோராம் நாள் காலையில் கதவைத் திறந்து தண்ணீர் தெளிக்கப் போனேன். இருபது சட்டி தளதளவென்று நின்றது. புஷ்பவள்ளியின் சட்டி மட்டும் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தது. குனிந்து அதையே பார்த்தேன். பிறகு அதிலிருந்து நாலு முளை, வெள்ளையம்மாவின் சட்டியிலிருந்து நாலு முளை பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு கதவைப் பூட்டினேன்.

லயத்தில் யாரிடமும் வாயைத் திறக்க முடியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சதாசிவத்திடம் போனேன். எங்கள் எல்லோருடைய வியாதியும் அவருக்குத் தெரியும், ஒன்றையும் வெளியே சொல்லமாட்டார். முளைகளை மேசையில் வைத்தேன்.

"ஐயா, இதுக்கு ஏதாவது நோவா? எவளாவது உப்புத் தண்ணி ஊத்தியிருப்பாளா?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் ஒரே பயறு இல்லியே?"

இல்லைதான். எல்லோரும் போட்டது பெரிய தட்டைப்பயறு. வெள்ளையம்மா நல்லதைத் தன் சட்டிக்கு எடுத்துக்கொண்டு, டப்பாவின் அடியில் கிடந்த பாசிப்பயறை மருமகளிடம் கொடுத்திருந்தாள். நான் அதைச் சொன்னதும் அவர் சமையலறையிலிருந்து ஒரு பாசிப்பயறு கொண்டுவரச் சொல்லி, கத்தியால் பிளந்து, புண்ணுக்குப் போடும் அயோடினில் ஒரு சொட்டு விட்டார். பயறு மை மாதிரி கறுத்தது.

"மாவு இருந்தா இப்படிக் கறுக்கும். சோத்துல விட்டாலும் கறுக்கும்" என்றார்.

அடுத்து வெள்ளையம்மாவின் முளையில் ஒட்டியிருந்த பருப்பில் விட்டார். அங்கங்கே கொஞ்சம் கறுத்தது. புஷ்பவள்ளியின் முளையில் பருப்பு சுருங்கித் தோலாகத் தொங்கியது. அதில் விட்டார். மருந்தின் பழுப்பு நிறம்தான் இருந்தது. கறுக்கவே இல்லை.

"பசிதான், கிருஷ்ணம்மா. வேற நோவு இல்ல. விதைக்குள்ள இருக்கற மாவுதான் அதுக்குக் கட்டுச்சோறு. இருட்டுல வளர்றப்ப அதைத்தான் தின்னுது. நம்ம மாதிரியே ராப்பகலா மூச்சும் விடுது, அதுக்கும் அந்த மாவுதான் செலவாகுது. சின்னப் பயறு, சின்னக் கட்டுச்சோறு. தீந்துபோச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பயிரு மூச்சு விடுதா? ஐயா, நான் கவலையில வந்திருக்கேன். வெளையாடாதீங்க."

"வெளையாடல. நீ ரப்பர் நாத்துத் தோட்டத்துலதானே வேலை பாக்கற? அங்க என்ன நடக்குதுன்னு நீயே சொல்லு."

சொல்ல வாயெடுத்ததும் நாற்றுப் பாத்திகள் கண்முன் வந்தன. ரப்பர் விதை முளைக்கும்போது மேலே கூரை வேயும் அத்தாப்பு ஓலை போட்டு நிழல் கட்டுவோம். இலை விரிய விரிய ஓலையை ஒவ்வொன்றாக எடுப்போம். போன வருஷம் ஒரு பாத்தியில் ஓலையை எடுக்க மறந்து, நாற்றெல்லாம் வெளுத்துச் செத்து, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னைப் பார்த்துக் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. இத்தனை வருஷம் இந்தக் கையால் ஓலை எடுத்தேன். ஏன் எடுக்கிறோம் என்று ஒரு நாள் யோசித்ததில்லை.

"வெயிலு வேணும்" என்றேன் மெதுவாக.

"வேணும். வெயில் பட்டா இலை பச்சையாகும். பச்சையானாத்தான் அது சமைக்கும். வேர் தண்ணியைக் கொண்டாரும், இலை காத்தை உள்ள இழுக்கும், வெயிலுதான் அடுப்பு. அப்புறம் விதைகிட்ட கையேந்த வேண்டாம். மத்த இருபது சட்டியும் இன்னும் ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். அதுக்கப்புறம் அதுவும் படுத்துரும்."

திரும்பி நடந்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. புஷ்பவள்ளியின் சட்டியை மட்டும் வெயிலில் வைத்தால் அது மட்டும் பச்சையாகி அவளைக் காட்டிக்கொடுக்கும். வைத்தால் இருபத்தொன்றையும் வைக்க வேண்டும். வைத்தால் சாவிக்காரி விரதத்தைக் கெடுத்தாள் என்று ஆகும். ஆத்தா கோபித்துக்கொள்வாளோ என்ற பயத்தைவிட, சாவி போய்விடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இதையும் மறைப்பானேன்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் கிழக்குச் சுவரில் இரண்டு அத்தாப்பு ஓலையை அவிழ்த்தேன். இளவெயில் உள்ளே வந்து சட்டிகளின் மேல் விழுந்தது. அரை நாழிகை விட்டுவிட்டு மூடினேன். எடுத்த எடுப்பில் உச்சிவெயில் காட்டினால் கருகிவிடும், நாற்றுக்குச் செய்கிற பக்குவம்தான் இதற்கும். அடுத்த நாள் ஒரு நாழிகை. அதற்கு அடுத்த நாள் நான்கு ஓலை, இரண்டு நாழிகை. படுத்த முளைகளை வாழைநாரால் வளைத்துக் கட்டினேன். இரண்டாம் நாளே மஞ்சளில் பச்சை ஊறியது. நான்காம் நாள் புஷ்பவள்ளியின் சட்டியில் நுனியெல்லாம் தலையைத் தூக்கிக் கிழக்கே பார்த்தன. சந்தோஷத்தில் தனியாக நின்று அழுதேன்.

பதினாறாம் நாள் கங்காணியும் பெண்களும் மேளத்தோடு வந்தார்கள். கதவைத் திறந்தேன். மேளம் நின்றுபோனது.

"என்னடி இது, பச்சை!" என்றாள் வெள்ளையம்மா.

"வெயில் பட்டிருக்கு. யாரு வேலை?" என்றார் கங்காணி.

"என் வேலைதான். பசியில விழப் பாத்துச்சு, வெயில் காட்டினேன். விழுந்த முளையை ஆத்தாளுக்குக் கொண்டுபோறதுக்கு இது மேலுன்னு பட்டுச்சு."

முணுமுணுப்பு எழுந்தது. கங்காணி வாசலில் நின்றபடியே சட்டி சட்டியாகப் பார்த்தார். ஒன்றும் சாயவில்லை. ஆத்தாள் காரியம் நிற்கக்கூடாது, தூக்குங்கள் என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"சாவியைக் குடு. அடுத்த வருஷம் வேற ஆளு."

கொடுத்தேன். அவர் அதை அங்கேயே வெள்ளையம்மாவின் கையில் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வெள்ளையம்மாக்கா, மருமக சட்டி நிக்குது. சொன்ன சொல்லு என்னாச்சு?"

"வெயில்ல வச்சு நிமித்துனா அது சேத்தியா?"

"அப்ப உங்க சட்டியும் வெயில்லதான் நின்னுச்சு. உங்க நடத்தையையும் பஞ்சாயத்துல வச்சுப் பேசிருவமா?"

பெண்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். கங்காணியே வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். வெள்ளையம்மா முகம் சிவந்து, "இருக்கட்டும், என் வீட்டுலயே இருக்கட்டும். யாரு போகச் சொன்னா?" என்று சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

ஆற்றங்கரையில் புஷ்பவள்ளி என் பக்கத்தில் வந்து நின்றாள். சட்டி அவள் கையில் இருந்தது. பயறு சிறியது, கட்டுச்சோறு தீர்ந்துபோனது, டிரஸ்ஸர் மருந்து விட்டுக் காட்டியது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முளைகளைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, என் சட்டி சாஞ்சதை மொதல்ல பாத்தீங்களே. அப்ப என்ன நெனச்சீங்க?"

வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் நான். அன்று வார்த்தையைத் தேடி எடுத்தேன்.

"கிராணியை நெனச்சேன்" என்றேன்.

"மருந்து கறுக்காததைப் பாத்த பொறவுதான் நம்புனீங்களா?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பயறு பாவம் செய்யலன்னு காட்ட ஒரு மருந்து இருக்கு, அக்கா. எனக்கு என்ன இருக்கு?"

குனிந்து சட்டியைத் தண்ணீரில் விட்டாள். பிறகு கரையேறி மாமியாரின் பின்னால் லயத்தை நோக்கி நடந்தாள். நான் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். சாவி போனது அப்போது எனக்குப் பெரிதாகவே படவில்லை. வெட்கமாக இருந்தது.