முந்நூற்று எண்பத்தாறு பஞ்சர்கள்

முதலாளியின் மேசைமேல் மடிக்கணினியைத் திருப்பி வைத்து அந்தப் பட்டியலைக் காட்டியபோது எனக்கு அப்படியொரு பெருமை. மூன்று வருடங்களில் முந்நூற்று எண்பத்தாறு பஞ்சர்கள். ஆனால் பட்டறைப் புத்தகத்தில் ஒட்டியதாகவோ மாற்றியதாகவோ எழுதியிருந்த டயர்கள் நாற்பத்தொன்றுதான். மீதி பஞ்சர்களை ஒட்டியது யார்? அதோடு, ஏறக்குறைய எல்லாப் பஞ்சர்களும் லாரி கிளம்பி ஒன்பதாவது மணியிலோ பத்தாவது மணியிலோதான் ஆகியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அச்சடித்தாற்போல் இரண்டு மணி நேரம். "டயருக்கு மணி பாக்கத் தெரியுமா சார்?" என்று நானே ஒரு நகைச்சுவையும் சேர்த்துக்கொண்டேன். முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ காட்டுங்க மேடம்" என்றார். காட்டினேன். இதை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

கேட்டது வேறு. இருபத்துமூன்று லாரிகள் வைத்திருந்த அந்த நிறுவனம் ஒரு நீளமான பதிவேட்டிலும் ஒரு வெள்ளைப் பலகையிலும் ஓடிக்கொண்டிருந்தது. எந்த லாரி எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார், எப்போது போய்ச் சேரும், இதையெல்லாம் ஒரு மென்பொருளில் கொண்டுவர வேண்டும். அதற்காக இரண்டு மாதம் லாரி நிறுத்தும் முற்றத்தைப் பார்த்த மாடி அறையில், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். லாரிகளை அனுப்பும் பொறுப்பு அக்காவுடையது. அறுபதைத் தாண்டிய ஓட்டுநர்களுக்கும் அவர் அக்காதான். மூன்று தொலைபேசிகள், சிவப்பில் ஒன்று நீலத்தில் ஒன்றாக இரண்டு பேனாக்கள், காற்றைவிடச் சத்தம் அதிகம் போடும் ஒரு மின்விசிறி. நான் எதைக் கேட்டாலும் பதில் சொன்னார். பதிவேடுகளை மூட்டையாகத் தூக்கி என் மடியில் வைத்து, "எடுத்துக்கோம்மா, என் ஆயுசு பூரா இதுலதான் இருக்கு" என்றார். என் முட்டாள்தனத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்ட நான், சிவப்புப் பேனாவால் எழுதுவது எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை.

லாரி போக வேண்டிய இடம் எழுதிய சீட்டை வாங்க வரும் ஓட்டுநர்கள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். பதினான்காம் எண் லாரிக்காரர் மட்டும் நின்று பேசுவார். வாயைத் திறந்தால் மூடாததால் அவருக்கு ரேடியோ என்று பெயர். "இன்ஜினியரம்மா, இந்தப் பொட்டிக்குள்ள எங்க லாரி பூராவும் அடங்கிடுமா? அப்ப எங்கள எங்க உக்கார வைப்பீங்க?" என்பார். அக்கா சீட்டை நீட்டி, "மொதல்ல நீ கெளம்பு, உன் பேச்சுக்கே தனியா ஒரு லாரி வேணும்" என்று விரட்டுவார். ரேடியோ சிரித்துக்கொண்டே படியில் இறங்கிப் போவார்.

பதிவேட்டில், வழியில் லாரி நின்றால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. சரக்கு ஏற்றுதல், இறக்குதல், பழுது, போக்குவரத்து நெரிசல். முதலாளி வகுத்தது நான்கே காரணங்கள். வேறு எதற்காக நின்றாலும் ஓட்டுநருக்கு அடுத்த ஒரு வாரம் லாரி கிடையாது. நானும் அதே நான்கையும் அப்படியே திரையில் ஏற்றி, அழகாக ஒரு பட்டியலாக்கினேன். பழுது என்பதைத் தொட்டால் இன்ஜின், பிரேக், பஞ்சர் என்று உள்ளே விரியும். விரிவது எவ்வளவு வழுக்கிக்கொண்டு வருகிறது என்று பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். மனுஷன் தூங்குவதற்கு அதில் கட்டம் இல்லையே என்று எனக்கு உறைக்கவில்லை. படித்தவள்தானே நான்.

பட்டியலைக் காட்டிய அன்றே முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா திரையை ஒரு நிமிடம் பார்த்தார். மறுக்கவில்லை, மழுப்பவில்லை.

"ஆமா, நான்தான் எழுதினேன். ஒம்பது மணி நேரத்துக்கு மேல ஓட்டுனா கண்ணு சொருகும். ரெண்டு மணி நேரம் ஓரம் கட்டித் தூங்குடான்னு நான்தான் சொன்னேன்."

"தூங்கறதுக்குத்தான் வீடு இருக்கே."

"வீட்டுக்குப் போய்ச் சேரணும்ல சார்."

முதலாளி மடிக்கணினியை மூடினார். என் பக்கம் திரும்பினார். இனி எந்த லாரியாவது பதினைந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் திரையில் சிவப்பாக வர வேண்டும், மணி அடிக்க வேண்டும், அடித்ததும் ஆபீஸிலிருந்து ஓட்டுநரைக் கூப்பிட வேண்டும், பஞ்சர் என்றால் அவர் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இத்தனையும் அவருக்கு அரை நிமிடத்தில் தோன்றியது. நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓய்வு என்று ஐந்தாவதாக ஒரு காரணம் சேர்த்துவிடலாம், எனக்குப் பத்து நிமிட வேலை என்றேன். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. என் குரல் உயர்ந்தது.

"இருபது மணி நேரம் ஒருத்தர் தூங்காம எப்படி சார் ஓட்டுவாரு?"

"நான் தூங்காம ஓட்டச் சொல்லல மேடம். நேரத்துக்கு வந்து சேரச் சொல்றேன். ரெண்டும் வேற வேற."

இதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைக் கொளுத்தியது. சரக்குக்காரர்களிடம் இருபது மணி நேரத்தில் வரும் என்று வாக்குக் கொடுத்தது இவர். அந்த வாக்கைக் காப்பாற்றக் கண் விழிப்பது இன்னொருவர். இவரோ மத்தியானம் சாப்பிட்டதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் படுப்பார். இரண்டு மாதமாக நான் பார்த்ததுதான். அதை எந்தத் திரையிலும் சிவப்பாகக் காட்டச் சொல்லவில்லை.

கேட்டதை எழுதிக் கொடுத்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான் போனால் வேறொருத்தர் வந்து எழுதத்தானே போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைச் சொல்லிக்கொள்ளாத கோழை உலகத்தில் யாரும் இல்லை.

அக்காவை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே வரும் வண்டியையும் வெளியே போகும் வண்டியையும் எழுதிக்கொள்ளும் வேலை. தகரக் கூரை போட்ட சின்னக் கூண்டில் அவர் உட்கார்ந்திருந்தார். தாண்டிப் போக முடியாமல் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ கெட்டிக்காரிதாம்மா. முந்நூத்தி எண்பத்தாறுனு எனக்கே தெரியாது" என்றார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"தப்புதான்க்கா."

"இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு டிரைவர் வழியிலேருந்து போன்ல பேசினான். தூக்கம் வருதுக்கா, கொஞ்சம் நிறுத்திக்கவானு கேட்டான். சரக்கு அவசரம், முடிச்சிட்டு வந்து தூங்குனு சொல்லிட்டேன். எனக்கு அப்பத் தெரியல. பாலத்துலேருந்து ஆத்துல விழுந்த வண்டிய எடுக்கவே ரெண்டு நாளாச்சு." அவர் என்னைப் பார்க்காமல் உள்ளே வந்த ஒரு லாரியின் எண்ணை எழுதினார். "அப்புறம்தான் சிவப்புப் பேனாவுல பஞ்சர் எழுத ஆரம்பிச்சேன். இதுவரைக்கும் ஒருத்தனும் சாகல."

மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் நாள், புது ஆள் வரும்வரை ஒரு வாரம் என்னையே அக்காவின் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டார் முதலாளி. மேசை காலியாக இருந்தது. பதிவேடுகளை ஏற்கெனவே கட்டி எங்கோ தூக்கிப் போட்டிருந்தார்கள். சுவரில் வெள்ளைப் பலகை இருந்த இடத்தில் பெரிய திரை. அதில் வரைபடம், வரைபடத்தில் இருபத்துமூன்று பச்சைப் புள்ளிகள். காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தன. முதலாளி அரை மணிக்கொரு தரம் வந்து, பின்னால் கையைக் கட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்று அவர் மத்தியானம் படுக்கவில்லை.

மூன்றரை மணிக்குப் பதினான்காம் எண், ரேடியோவின் லாரி, சிவப்பானது. மணி அடித்தது. நானே தேர்ந்தெடுத்த மணிச் சத்தம்தான். காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று கூர்மையானதாகப் பார்த்து எடுத்தது. லாரி கிளம்பியது விடியற்காலை நான்கு மணிக்கு என்று ஓரத்தில் காட்டியது. அதற்கு முன்னால் சரக்கு ஏற்ற அவர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பதைக் காட்ட அதில் இடமில்லை. நின்று பதினாறு நிமிடம். நெடுஞ்சாலையோரம், ஏதோ ஒரு மரத்தடியாக இருக்கலாம், வரைபடத்தில் மரங்கள் தெரியாது.

"கூப்பிடுங்க" என்றார் முதலாளி. எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

"பதினொன்னரை மணி நேரம் ஆச்சு சார். ஒரு அரை மணி நேரம்…"

"கூப்பிடுங்க மேடம். மொத நாளே விட்டுட்டா அப்புறம் புடிக்க முடியாது."

கூப்பிட்டேன். நீண்ட நேரம் அடித்தது. எடுக்காதே, எடுக்காதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். எடுத்துவிட்டார். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒரு குரல்.

"யாரு…"

"ஆபீஸ்லேருந்து பேசறேன்ணே."

எதுவோ தட்டி விழுந்தது. "ஐயோ, தூங்கலம்மா. சத்தியமா தூங்கல. சும்மா கண்ண மூடினேன், அவ்வளவுதான். மன்னிச்சிடுங்க, இதோ எடுத்துட்டேன், எடுத்துட்டேன்."

"அண்ணே, இருங்க, நான் அதுக்குக் கூப்பிடல…"

இன்ஜின் உறுமும் சத்தத்தில் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. தொடர்பு அறுந்தது. தன் வயதில் பாதியைச் சாலையில் கழித்த ஒரு மனிதர், கண்ணை மூடியதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். நானும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சிவப்புப் புள்ளி பச்சையானது. "பாத்தீங்களா, பிரமாதமா வேலை செய்யுது" என்று என் நாற்காலியின் முதுகைத் தட்டிவிட்டு முதலாளி அறைக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தொலைபேசியை மறுபடி எடுத்தேன். எண்ணை அழுத்தப் போன விரல் நின்றுவிட்டது. இப்போது கூப்பிட்டால் ஆபீஸ் என்று பதறி, ஒரு கையால் எடுத்துப் பேசிக்கொண்டே ஓட்டுவார். கூப்பிடவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வேகம் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. அறுபத்தொன்று. சாலை சற்றுத் தூரம் நேராகப் போய், ஒரு ஆற்றின் நீலக் கோட்டை நோக்கி வளைந்தது.