தினமும் மூன்று லிட்டர்

பத்தே நாளில் ஒரு உடம்பு இப்படி அடங்கிவிடுமா? அடங்கினால் நல்லதுதானே, அதை நம்ப ஏன் மனசு வரவில்லை?

கணவரின் தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தவள், கழுவாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. ஆனால் குடித்து முடித்த பாட்டிலின் அடியில் நாலு துளியாவது தங்கும், பக்கவாட்டில் ஈரம் பூத்திருக்கும். இது அலமாரியில் வெகுநாள் கவிழ்த்து வைத்ததைப் போல உலர்ந்து கிடந்தது. மூன்று நாளாகக் கவனிக்கிறாள், இப்படித்தான் வருகிறது. நல்லது நடந்தால் அதையும் திருப்பிப் போட்டுப் பார்க்கிற புத்தி உனக்கு என்று அம்மா திட்டுவாள். இருக்கலாம். ஆனாலும் பாட்டில் உலர்ந்துதான் இருந்தது.

அவர் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவர். முப்பது மாடி உயரத்தில், கண்ணாடிப் பெட்டி போன்ற அறைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்து, கீழே எறும்பாகத் தெரிகிற ஆட்களுக்கு இரும்புக் கம்பிகளை இறக்கிக் கொடுப்பார். வேலை இடத்தில் அவருக்குப் பெயர் கழுகு. போன வருடம் கழுகுக்குச் சிறுநீர்த் தொல்லை வந்தது. அடக்கவும் முடியாது, போனால் முழுசாகப் போகவும் செய்யாது. ஏணியில் இறங்கிவர இருபது நிமிடம், ஏறிப்போக அதற்கும் மேல். ராத்திரிகளில் ஐந்து தடவை எழுந்திருப்பார். குளியலறைத் தாழ்ப்பாள் ஓசைக்கு அவளும் ஐந்து தடவை விழிப்பாள். டாக்டர் புராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான்கு மாதமாக அந்தச் சீட்டு அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அவள் அதை எடுத்து மேலே வைப்பாள். மறுநாள் பார்த்தால் அடியில் இருக்கும். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒரு முறை, ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "எங்கப்பாவும் டாக்டர்கிட்டப் போற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

அப்புறம்தான் அவள் தம்பி அந்த மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தான். பச்சை லேபிள், இலைப் படம், ஆண்களின் ஆரோக்கியத்துக்கு நூறு சதவீதம் இயற்கை. பூசணி விதை, ஏதோ ஒரு குட்டைப் பனையின் பழச்சாறு, இன்னும் வாயில் நுழையாத நாலைந்து.

"பக்க விளைவே கிடையாதுக்கா. இது மருந்தே இல்ல, சாப்பாடு."

"சாப்பாட்டுக்கு எதுக்குடா மூடியில முத்திரை குத்தியிருக்கான்?"

"இவளுக்கு எதுலயும் சந்தேகம்தான் மாமா. நீங்க சாப்பிடுங்க."

தம்பி எப்போதும் எதையாவது விற்பவன். முதலில் முதுகுவலிக்குக் காந்த மெத்தை. அதில் படுத்து அவனுக்கே முதுகு பிடித்துக்கொண்டது. அதன்பின் தண்ணீர் வடிகட்டும் கருவி. அது இன்னும் அவள் வீட்டுச் சுவரில், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் தொங்குகிறது. அதன் நெற்றியில் நீல ஸ்டிக்கர்: தினமும் மூன்று லிட்டர், நீரே மருந்து. அவன் கெட்டவன் இல்லை. விற்கிற நாள் வரைக்கும் அதை முழு மனதாக நம்புகிறவன். அதுதான் அவளுக்குப் பயம்.

டப்பா வந்த பத்தாம் நாளே தாழ்ப்பாள் ஓசை நின்றது. அவள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். தம்பிக்குப் போன் போட்டு நன்றிகூடச் சொன்னாள். இப்போது அந்தத் தூக்கத்தின்மேலேயே அவளுக்குச் சந்தேகம். அவருடைய உதடு வெடித்திருந்ததை ஏன் கவனிக்கவில்லை? காலையில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்து அவர் கட்டிலில் உட்கார்ந்து தேய்த்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தாளே, பார்த்தும் திரும்பிப் படுத்தாளே. தூக்கம் அவ்வளவு ருசியாக இருந்ததா?

வியாழக்கிழமை அவர் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். கொண்டுபோய்க் கொடுக்க வேலை இடத்துக்குப் போனாள். வாசலில் காவலுக்கு இருந்த அம்மாள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, "கழுகு சார் வீட்டம்மாவா? பாருங்க, உங்க வீட்டுத் தண்ணியில வளர்ற செடி" என்று பெயின்ட் டப்பாவில் நின்ற தக்காளிச் செடியைக் காட்டினாள். அந்தப் புழுதிக்குள் அதுமட்டும் கருகருவென்று பச்சையாக, காய் பிடித்து நின்றது.

"எங்க வீட்டுத் தண்ணியா?"

"தினமும் ஏறுறதுக்கு முன்னாடி பாட்டிலை மொத்தமா இதுல கவுத்துட்டுத்தான் போவாரு. மேல எனக்குத் தேவைப்படாதும்பாரு. ஒட்டகம் தோத்துச்சு போங்க சார்னு நான்கூடக் கேலி பண்ணுவேன்."

"நடுவுல இறங்கி வருவாரா?"

"முன்னெல்லாம் நாலு வாட்டி இறங்குவாரு. இன்ஜினியர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. இப்ப காலைல ஏறினா சாயங்காலம்தான். ஏதோ நல்ல மருந்து கிடைச்சிருக்காமே? எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டு வைக்கணும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். வெயிலில் கண்ணாடி அறை ஒரு புள்ளியாக மின்னியது. ஒரு கட்டு இரும்புக் கம்பி மெதுவாக ஆடிக்கொண்டே ஆட்களின் தலைக்கு மேல் நகர்ந்தது. அதன் மறுமுனையில் நாக்கு ஒட்டிக்கொண்ட ஒரு மனிதன் இருக்கிறான் என்பது கீழே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கம்பி தரையைத் தொடும்வரை அவள் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவுக்குள் மடித்திருந்த தாளைப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில், கடுகு அளவு எழுத்தில் இருந்தது: சிறந்த பலனுக்கு, நீர் அருந்துவதைப் பாதியாகக் குறைக்கவும். பாதியை முழுசாக்கியது மட்டும்தான் அவருடைய சொந்த யோசனை.

கேட்டுவிடலாம் என்று மூன்று நாள் வாயெடுத்தாள். கேட்டால் சிரிப்பார். மறுநாள் பாட்டிலில் நாலு சொட்டு விட்டுக் கொண்டுவருவார். அவ்வளவு கெட்டிக்காரர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வந்தான். விளம்பர வீடியோ எடுக்க, கையில் போனை நிறுத்தும் மூன்று கால் கம்பி. மேசைக்கு ஒரு பக்கம் நாற்காலியைச் சரிபார்த்துப் போட்டு அவளை உட்கார வைத்தான். டப்பாவின் இலைப் படம் முன்னால் தெரியும்படி திருப்பினான்.

"ஆம்பளை சொன்னா எவன் நம்புவான்? பொண்டாட்டி சொல்லணும். ஒரே வரிதான்க்கா. 'முன்னெல்லாம் அஞ்சு தடவை எழுந்திருப்பாரு, இப்ப எழுந்திருக்கிறதே இல்ல.' இதுல பொய் இருக்கா? நீயே சொல்லு."

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாசல் காவல் அம்மாள் இதைப் பார்ப்பாள். அந்த அம்மாளின் வீட்டுக்காரரும் பார்ப்பார்.

கணவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சொல்லிடேன். உன் வாயால கேட்டா எனக்கும் ஒரு தெம்பு."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் ஊருக்காகக் கேட்கவில்லை. அவளும் நம்பிவிட்டாள் என்று ஆகிவிட்டால், அந்தச் சீட்டு சட்டைகளுக்கு அடியிலிருந்து இனி வெளியே வர வேண்டியதே இல்லை.

"ஓடுதுக்கா. ம், சொல்லு."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். அலமாரிக் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. திரும்பிவந்து சீட்டை மேசையில், அவர் கைக்கு எதிரே விரித்து வைத்தாள். பெரிய டம்ளரை எடுத்து, வடிகட்டும் கருவியின் குழாயைத் திறந்து, விளிம்பு வரை பிடித்தாள். அதை அந்தச் சீட்டின்மேல் வைத்தாள்.

"அக்கா, என்ன பண்றே? எல்லாம் பதிவாகுது."

"எனக்கு இதெல்லாம் வராதுடா."

நாற்காலிக்குத் திரும்பாமல் கணவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போன் காலி நாற்காலியையும், அதன் பின்னால் சுவரில் இருந்த நீல ஸ்டிக்கரையும் பார்த்துக்கொண்டிருந்தது. டம்ளரின் அடியில் கசிந்த ஈரம், டாக்டரின் கையெழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அவர் விரல்கள் டம்ளரைப் பிடித்திருந்தன. அத்தனை உயரத்திலிருந்து எதையோ இறக்கும்போது பார்ப்பாரே, அப்படி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.