ஒரு பொத்தான் வித்தியாசம்

"பதினேழுக்குப் பதினாறு. ஒரே ஒரு பட்டன்ல கவுத்துட்டாங்கக்கா. எவன்னு மட்டும் தெரிஞ்சா நல்லாயிருக்கும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற? சாப்பிடு முதல்ல."

"ஒண்ணும் பண்ணமாட்டேன். அவன் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனா எட்டிப்பார்க்க மாட்டேன், அவ்வளவுதான்."

தையற்காரி இரண்டு குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி தட்டிலிருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. மாடியில் அவன் குடித்தனம், கீழே அவள் கடையும் படுக்கையும். மனைவி இறந்த பிறகு அவன் மகள் ராத்திரி தூங்குவதற்கு மட்டும்தான் மாடியேறுவாள். மற்றபடி எல்லாம் அத்தைதான்.

தெருவுக்குள் வண்டி நுழையக்கூடாது என்று முடிவாகி ஐந்து வாரம். முனையில் இரும்புக் கம்பங்கள் நட்டுவிட்டார்கள். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குத் தம்பி ஓட்டிப்போகும் வேன் நான்கு தெரு தள்ளி, பாலத்தடியில் நின்றது. போன வாரம் யாரோ பின்கதவை நெம்பி, செப்புக்குழாய்ச் சுருளிலிருந்து கேஸ் மீட்டர் வரை வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வாக்கெடுப்புக்குப் பை தைத்துக் கொடுத்ததே அவள்தான். கையைத் தூக்கச் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று எல்லோரும் தயங்கவே, அவள் டப்பாவிலிருந்த பொத்தான்களை குடித்தனத்துக்கு இரண்டாகக் கொடுத்தாள். வண்டி வேண்டாமென்றால் வெள்ளை, இருக்கட்டுமென்றால் கறுப்பு. ஒன்றைப் பைக்குள் போட்டுவிட்டு மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டியது.

அவள் வெள்ளையைப் போட்டாள்.

வேன் வந்து நின்றால் அவள் ஜன்னல் முழுதும் தகரம்தான் தெரியும். நட்டநடுப் பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். பத்து வருஷமாக அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படியும் அவன் பக்கம்தான் ஜெயிக்கும் என்று தெருவே பேசிக்கொண்டது. தோற்கப்போகிற பக்கத்தில் ஒரு பொத்தான் கூடுதலாக விழுந்தால் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது? பத்து வருஷத்து முணுமுணுப்பை யாருக்கும் நோகாமல் இறக்கிவைத்தது போலிருந்தது அன்றைக்கு.

இப்போது மெஷின் மேல் வெயில் விழுந்துகிடந்தது. வெளியே நடுத்தெருவில் குழந்தை மண்டியிட்டு, சுண்ணக்கட்டியால் நீளமாக ஒரு மீன் வரைந்துகொண்டிருந்தாள்.

"வேற வீடு பார்த்துட்டேங்கா," என்றான் தம்பி. "ஊருக்கு அந்தக் கோடி. வாசல்லயே ஷெட்டு இருக்கு. ஒண்ணாம் தேதி சாவி."

அவள் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "பாப்பா?"

"அவளை விட்டுட்டா போவேன்?"

"அங்க யாருடா பார்த்துப்பாங்க?"

"தெரியல."

எதிரே நின்று கத்தினாலாவது பரவாயில்லை. அவன் தட்டைப் பார்த்தே பேசினான்.

"ஒரே ஒரு வழி இருக்குன்னு கமா சார் சொல்றார்," என்றான். கமா சார், தெருச் சங்கத்தின் செயலாளர். கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர், காற்புள்ளி விட்டுப்போனால் தீர்மானத்தையே திருப்பி அனுப்புகிறவர். "தோத்தவங்க மறுபடி வாக்கெடுப்பு கேட்க முடியாதாம். வெள்ளை போட்ட ஒருத்தர், மனசு மாறிட்டேன்னு பேரைப் போட்டு எழுதிக்கொடுத்தா நடத்தலாமாம். கூட்டத்துல அதைப் படிப்பாராம். ஞாயித்துக்கிழமை கடைசி."

கமா சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, அவள் பெயரைப் படிப்பது அவளுக்குக் கேட்டது. தம்பி எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவான். படித்து முடித்ததும் திரும்பிப் பார்ப்பானா, பார்க்காமலே எழுந்து போவானா? எழுதாவிட்டால் ஒண்ணாம் தேதி. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

"ரசம் ஊத்தவா?" என்றாள்.

"வேணாங்கா." கையைக் கழுவிக்கொண்டு வந்து, சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். மெஷின் பலகையில் வைத்து உள்ளங்கையால் நீவினான். மனு முழுதும் எழுதியிருந்தது, அடியில் பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் காலி.

"நான் போனா மூஞ்சியிலயே கதவைச் சாத்துவாங்க. நீ துணி தைக்காத வீடு இந்தத் தெருவுல உண்டா? உன்கிட்ட யாரும் பொய் சொல்லமாட்டாங்க. வெள்ளை போட்டவங்க ஒருத்தரைக் கண்டுபிடிச்சு, இதுல ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுக்கா."