கெலிப்பா, சும்மாவா?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பொதுக் குளியலறையில் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே மிட்சுயோ அக்கா சொன்னாள். [சோப்பு நுரையில் கேட்ட கதைக்கு யாரும் வழக்குப் போட முடியாதென்று நினைக்கிறேன்.] கதை நடந்தபோது போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா அப்போது பள்ளிக்கூடத்துச் சிறுமி.

2

முதல் தொடக்கம்: "கமெய்தோவின் சந்துகளில் மாலை வெயில் மெல்லத் தவழ்ந்து..."

வேண்டாம். வெயில் தவழ்ந்தால் என்ன, நடந்தால் என்ன?

அடுத்தது: ஒரு பழைய மரத்தொட்டி. வாய்மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அதன்மேல் பெரிய பொத்தான் அளவு இரும்புப் பம்பரங்கள் மோதும். வெளியே தெறித்தது தோற்றது. இது போதும்.

3

மிட்சுயோவின் அண்ணன் இசாமு, கவாகுச்சி என்ற ஊரிலிருந்த வார்ப்படப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். போகும்போது, கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தானே விளிம்பு கூராக்கிய பம்பரத்தை அவளிடம் கொடுத்தான்.

"பத்திரமா வெச்சிரு. ஓபோன் பண்டிகைக்கு வந்ததும் கேப்பேன்."

மகராசி சும்மா வைத்திருப்பாளா? எடுத்துக்கொண்டுபோய் ஆடினாள். டிராம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துச் சந்துக்காரன் கென்சாகு அதைத் தெறிக்கவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஏய், குடுடா! சும்மா ஆட்டம்தானே!"

"சும்மான்னு யாரு சொன்னா?"

"கெலிப்புன்னு மட்டும் யாரு சொன்னா?"

சாட்டை சுற்றுமுன் யாராவது கேட்க வேண்டும்: கெலிப்பா, சும்மாவா? கெலிப்பென்றால் தோற்ற பம்பரத்தை ஜெயித்தவன் எடுத்துக்கொள்ளலாம்; சும்மாவென்றால் அவரவருடையது அவரவருக்கே. அன்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் மிட்சுயோவின் சந்தில் அது சும்மா, கென்சாகுவின் சந்தில் கெலிப்பு. ஆக, இருவருமே யோக்கியர்கள். [கென்சாகுவை வில்லனாக்க மூக்கில் சளியெல்லாம் ஒழுகவிட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை.]

4

முடிவுகள்.

அ) கென்சாகு மனம் இரங்கி... அந்த வயதுப் பையன் மனம் இரங்கி நான் பார்த்ததில்லை.

ஆ) மிட்சுயோ அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடி...

இதைச் சொன்னதும் அக்கா வாளியை டங்கென்று வைத்தாள். "நான் அழுதேன்னு எழுதினே, இனிமே உன் முதுகை நீயே தேச்சுக்கோ." அந்த வரியை அடித்துவிட்டேன்.

5

நடந்தது இதுதான். அண்ணன் வருவதற்கு முந்தின நாள், மிச்சமிருந்த தன் ஒரே பம்பரத்தோடு தண்டவாளத்தைத் தாண்டிப் போனாள். அதுவும் போனால் ஆட்டமே போச்சு. பம்பரம் இல்லாத பெண்பிள்ளையைத் தொட்டிப் பக்கம் நிற்கவே விடமாட்டார்கள்.

"இன்னொரு ஆட்டம் வா."

"மறுபடி அழுகுணி ஆட்டமா?"

"வாயை மூடிட்டு பம்பரத்தை எடு."

கென்சாகு பையிலிருந்து எடுத்தது இசாமுவின் பம்பரம். அதைவைத்தே ஆடப்போகிறான், பாவி! வீட்டில் அண்ணனோடு ஆடிய ஒரு ஆட்டத்திலும் அவளுடைய பம்பரம் அதை ஜெயித்ததில்லை.

இந்த முறை அவன் மறக்கவில்லை. "கெலிப்பா, சும்மாவா?"

சும்மா என்றால் ஜெயித்தாலும் அண்ணனுடையது திரும்பாது. கெலிப்பென்றால் இரண்டுமே போகலாம்.

இந்த இடத்தில் அக்கா தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நானும் எழுதிப் பார்த்தேன்: "மிட்சுயோ நிமிர்ந்து அவனைப் பார்த்து" என்பதற்குமேல் பேனா நகரவில்லை. வாழ்க்கையில் ஒரு பம்பரம்கூட விட்டதில்லை, நான் யார் பதில் சொல்ல?

நீங்கள் வந்து அவள் இடத்தில் நில்லுங்கள். கென்சாகு காத்திருக்கிறான். வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் எந்தச் சந்திலும் செல்லாது.