பின் மதில்

சுரேஸ் பூச்சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி விறாந்தையில் அடுக்கிக்கொண்டிருந்தான். உள்ளே அவனுடைய தகப்பன், ஐயா, சவப்பெட்டியில் கிடந்தார். அவரைப் பெட்டிக்குள் தூக்கி வைத்தபோது அண்ணனிடம் இந்தக் கவனத்தில் பாதிகூட இருக்கவில்லை என்று உதயகலா நினைத்தாள்.

"என்னண்ணை, மதிலை உடைக்கிறதோ இல்லையோ?"

"முன் கேற்றாலை எடுப்பம். பஞ்சமி எண்டு இப்ப ஆர் பாக்கினம்?"

"ஐயா பாத்தவர். அம்மாவுக்கு அவர்தானே வேலி வெட்டினவர்."

அவிட்டம் தொடங்கி ரேவதி வரையான ஐந்து நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் அது பஞ்சமிச் சாவு; பிரேதத்தை வாசலால் எடுப்பதில்லை. வேலியை ஒரு பக்கம் வெட்டி, அதால் கொண்டுபோய், உடனே அடைத்துவிடுவார்கள். போனவர் துணைக்கு ஆள் தேடித் திரும்பி வந்தாலும் வழி இராது. ஊரில், பண்டத்தரிப்பில், கிடுகு வேலிக்கு ஒரு கத்தி போதும். கொக்குவிலில் சுரேஸ் எழுப்பியிருந்ததோ எட்டடிச் சீமெந்துக்கல் மதில்.

அவன் இங்கே குடிவந்ததே இந்த ஒழுங்கையின் வடிவைப் பார்த்துத்தான். கல் பதித்த தரை, இரு கரையிலும் போகன்விலா, வளைந்த விளக்குக் கம்பங்கள். வருகிறவர்கள் "வெளிநாடு மாதிரி" என்பார்கள். ஒழுங்கை துப்புரவாக இருந்த விதம் சுலபமானது. எல்லாரும் தங்கள் குப்பையைப் பின் மதிலுக்கு மேலால் எறிந்தார்கள். பின்னால் கிடந்த வெறுங்காணியை இங்கிருந்து எவரும் பார்க்க முடியாது.

உதயகலா ஊரிலிருந்து கூப்பிட்ட மேசன் முத்துக்குமாரு உளியை இரு கற்களின் பொருத்தில் வைத்தார்.

"அண்ணை, அதிலை வேண்டாம். மேலை பதிச்சது இத்தாலி ஓடு!" என்று சுரேஸ் ஓடிவந்தான்.

"கொப்பர் ஓட்டின்ரை ஊர் விசாரிச்சே போகப்போறார்? தள்ளும் தம்பி." ஒரு தட்டுத் தட்டினார். "கல்லிலை அடிச்சால் கல்தான் நொறுங்கும். பொருத்திலை அடிக்கோணும். ஒண்டு கழண்டால் மற்றதெல்லாம் தானாய் வரும்."

வந்தது. கூடவே நாற்றமும் வந்தது. சுரேஸ் மூக்கைப் பொத்தினான்.

உதயகலா பொத்தவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே முற்றத்தில் நின்று, "ஐயா இங்கையே இருக்கட்டும், நல்ல காத்தோட்டம்" என்றவள் அவள். பக்கத்திலேயே, திருநெல்வேலிச் சந்தையடியில், அவள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. சந்தைச் சத்தம் அவருக்கு ஒத்துவராது என்று தானே தீர்மானித்தாள். ஐயா நாள் முழுக்க இந்த மதிலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். ஒருமுறை, "அங்காலை என்ன பிள்ளை கிடக்கு?" என்று கேட்டார்.

"பூங்கண்டுகள், ஐயா." அவள் எட்டிப் பார்த்திருக்கவில்லை.

பெட்டி இடைவெளியால் போனது. தூக்கியவர்கள் பம்பர்சுகளையும் ஷொப்பிங் பைகளையும் மிதித்து, காணியைக் கடந்து வீதியில் ஏறினார்கள். பெண்கள் மதிலோடு நின்றார்கள்.

முத்துக்குமாரு சீமெந்தைக் குழைத்து முடித்திருந்தார். "அடைக்கட்டே, பிள்ளை?"

மாடொன்று உடைப்புக்குள் தலையை நீட்டி, சுரேஸின் புல்தரையைக் கடித்தது. அவள் அதைத் துரத்தவில்லை. விறாந்தையில் பூச்சாடிகளுக்கிடையே நெருக்குப்பட்டுக் கிடந்த ஐயாவின் கதிரையை இழுத்து வந்து, உடைப்புக்கு நேரே போட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ, அண்ணை."

தாச்சியில் சீமெந்து இறுகத் தொடங்கியது.